எங்களுக்குக் காவல் வேண்டாம், கமிட்டி வேண்டும்

அம்மையார்குப்பத்தில் தறித் தெருவுக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும்போது கூட நடப்பவர் சொல்வதே காதில் விழாது. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கொட்டகையில் என் அம்மா பதினெட்டு வருடம் தார் சுற்றினார். ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கும் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப மாலை ஐந்தரை ஆகும். அந்த ஒன்பதரை மணி நேரத்தில் அவர் சிறுநீர் கழிக்கப் போனதில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினெட்டு வருடம்.

கொட்டகையை ஒட்டிய வீட்டில் கழிவறை இருந்தது. அது வீட்டுக்காரர்களுக்கு. காலனியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொட்டகை வரைதான் வழி. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. வேலை செய்த ஆண்கள் தெருக்கோடிச் சுவர் ஓரம் போய்விடுவார்கள். தறி உரிமையாளர் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், என் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் அவர்தான்.

ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாகக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தபோது அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா? நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும்" என்றார். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "குடிச்சா வெளிய போவணும். வெளிய எங்க போறது?"

சீட்டில் 'சிறுநீர்த் தொற்று' என்று எழுதியிருந்தது. மருத்துவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த நோயை அவர் எழுதினார். ஆனால் இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று எழுத அந்தச் சீட்டில் இடமில்லை. என் முனைவர் பட்ட ஆய்வே பெண் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றியதுதான். அதிலும் அம்மாவை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "சொந்த அம்மாவைத் தரவாக எழுதலாமா?" என்று என் நெறியாளர் கேட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பெண்களின் உடல்நலமும் பாதுகாப்பும் என்றவுடன் நம் அரசியல் மேடைகளில் என்ன வருகிறது? சிசிடிவி கேமரா, ரோந்து வாகனம், உதவி எண், தற்காப்புப் பயிற்சி. ஊரில் வருவது இன்னும் எளிமையானது: பெண்ணை வீட்டில் நிறுத்து. எங்கள் காலனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் விடியற்காலை இருட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். எங்காவது ஒரு பெண்ணுக்கு ஏதோ நடந்தது என்று செய்தி வந்தால் மறுநாள் அந்த பஸ்ஸில் இரண்டு இருக்கை காலியாக இருக்கும். பெண்ணைக் காப்பது என்றால் அவள் யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள், எந்தச் சாதிப் பையன் பைக்கில் இறக்கிவிட்டான் என்று கண்காணிப்பது. தன் பெண்ணைக் காதலித்தவனை வெட்டியவர்களும் அவளைக் 'காப்பாற்ற' வெட்டியதாகத்தான் சொல்கிறார்கள். ஆகவே இந்தச் சொல்லை நாம் அப்படியே கையில் எடுக்க முடியாது. யார் யாரைக் காப்பது, எதிலிருந்து காப்பது, அதற்கு விலையாக எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களை ஆலைகள் எப்படி வைத்திருந்தன என்பதும் நம் வரலாறுதான். மேற்கு மாவட்ட நூற்பாலைகளின் 'சுமங்கலி'த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் ஆலை விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. விடுதிக் கதவைப் பூட்டியதற்குப் பெற்றோரிடம் சொன்ன காரணம் பாதுகாப்பு. உள்ளே வந்தவர்களில் ஏழை வீட்டுத் தலித் பெண்கள் மிகுதி. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்கு ஆலையில் பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். வலிக்கு ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும், மாத்திரை கொடுத்தால் குறையாது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கே வருவோம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கி, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்துகொண்டிருந்த பெண்கள் உணவு நஞ்சாகி விழுந்தார்கள். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 17-ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. தரையில் படுத்துறங்கும் அறைகள், சில இடங்களில் தண்ணீர் வராத கழிவறை என்று பிறகு ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் விடுதிகள் தரமற்றவை என்று ஒப்புக்கொண்டது, ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தார்கள்.

இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது வேறொரு விவரம். போராட்டத்தில் 67 பெண்களைக் காவல்துறை பிடித்து வைத்தது. அவர்களுடைய செல்போன்களை வாங்கிக்கொண்டு, பெற்றோருக்குப் போன் செய்து, பெண்ணை அடக்கி வையுங்கள் என்று எச்சரித்ததாக அந்தச் செய்திகள் சொல்லின. பதினெட்டு வயது தாண்டி, சம்பளம் வாங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் தொழிலாளி அவள். நல்ல சோறு கேட்டதற்கு அரசாங்கம் அவளுடைய அப்பாவைக் கூப்பிடுகிறது. ஆண் தொழிலாளி மறியல் செய்தால் தடியால் அடிப்பார்கள், வழக்குப் போடுவார்கள், ஆனால் அவன் அப்பாவுக்குப் போன் போக மாட்டார்கள். காவல்துறையும் குடும்பமும் ஆலையும் ஒரே குரலில் பேசுவதை அந்த ஒரு போன் அழைப்பில் கேட்கலாம்.

அதே ஆண்டு தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இருபது வயதையொட்டிய தலித் பெண் 2021 ஜனவரி முதல் நாள் வேலைக்குப் போய் வீடு திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து உடல் கிடைத்தது. அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். மாதக்கணக்கில் அந்த ஆளிடம் தொல்லை பட்டுவந்தார் என்று குடும்பமும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். யாரிடமும் முறையிட முடியாத இடமாக அந்த ஆலை இருந்தது. பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். அவர் நடத்திய வாழ்க்கையை விட்டுவிட்டு, இறந்த விதத்தை மட்டும் வைத்து ஒரு பெண் நினைவுகூரப்படுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வழக்கமாக இதற்குப் பிறகு என்ன நடக்கும்? மெழுகுவத்தி, அறிக்கை, நிவாரணத் தொகை. திண்டுக்கல்லில் வேறு ஒன்று நடந்தது. டி.டி.சி.யூ. எனப்படும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இதைக் கையில் எடுத்தது. பெண்கள் வழிநடத்தும், தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் சங்கம் அது. இரண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடனும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் கையெழுத்திட்டன. இதற்குப் பெயர் திண்டுக்கல் ஒப்பந்தம்.

இதில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, ஒப்பந்தம் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெண் என்பதால் வரும் தொல்லையும் சாதியால் வரும் தொல்லையும் வேறு வேறு கோப்புகளில் போய்ச் சேருவதில்லை. இரண்டு, இது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆலை மீறினால் வாங்கும் நிறுவனம் கொள்முதலில் கை வைக்க வேண்டும். தையல் வரிசைகளில் வேலை செய்கிறவர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் பயிற்சி கொடுத்து நிறுத்தியது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்கிறது. முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. எல்லாம் பாலியல் புகார்கள் அல்ல, பெரும்பாலானவை அன்றாட வேலைச் சிக்கல்கள். அதுதான் எனக்குப் பிடித்த இடம். சின்னக் குறைக்கு வாய் திறக்க முடிந்த இடத்தில்தான் பெரிய கொடுமைக்கும் வாய் திறக்க முடியும். கேமராவால் இது ஆகாது. கேமராவின் திரை யாருடைய மேசையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தோழர் ஒருவரே என்னிடம் சொன்னார். எச் அண்ட் எம் மாதிரி ஒரு பெயருக்கு வெளிநாட்டில் மானம் போகும், அதனால் பணிந்தார்கள். அம்மையார்குப்பம் தறியில் நெய்யும் சேலைக்கு எந்த நிறுவனத்தின் மானம் போகப் போகிறது? இங்கே முதலாளி என்பவரே நான்கு தறி வைத்துக்கொண்டு நூல் விலை ஏறினால் கடன் வாங்குகிறவர். அவரை எதிர்த்து என்ன ஒப்பந்தம் போடுவது?

நான் இதை நிறைய நாள் யோசித்தேன். விடை மின்சாரக் கட்டண அட்டையில் இருக்கிறது. விசைத்தறிகளுக்குத் தமிழ்நாடு அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவச மின்சாரம் தருகிறது. 2023-ல் அது 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட்டாக உயர்ந்தது. பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுக்கும் வேட்டி சேலையை மாநிலம் முழுக்க உள்ள கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்துதான் அரசு வாங்குகிறது. எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கி இன்றுவரை தொடரும் திட்டம். ஆக, திண்டுக்கல்லில் எச் அண்ட் எம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் விசைத்தறித் தொழிலில் அரசே உட்கார்ந்திருக்கிறது. மின்சாரமும் கொள்முதலும் கொடுக்கும் கை, நிபந்தனையும் கேட்கலாம். கொட்டகையில் வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான கழிவறை, குடிதண்ணீர், புகார் சொல்ல ஒரு ஆள். சின்னத் தறிக்காரரால் முடியாது என்றால் தெருவுக்கு ஒன்றாக ஊராட்சி கட்டிக் கொடுக்கட்டும். மின்சாரத்தை வெட்டு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் முதலில் வேலை போவது என் அம்மா மாதிரியான பெண்களுக்குத்தான். பெரிய தறிக்காரர்களிடம் தொடங்கலாம், கூட்டுறவுச் சங்கங்களிடம் தொடங்கலாம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நம்மில் பலர் இதைக் கல்லூரி சுவரொட்டியோடு நிறுத்திக்கொண்டோம். வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விசாகா தீர்ப்பிலிருந்து வந்தது. விசாகா தீர்ப்பு 1997. அதற்குக் காரணம் ராஜஸ்தானின் பன்வாரி தேவி. மண்பாண்டம் செய்யும் சாதியில் பிறந்தவர், அரசின் கிராமத் தொண்டராக ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனவர். 1992-ல் ஆதிக்கச் சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995-ல் கீழ் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டாக்கிக்கொள்ள மாட்டான் என்பதும் அங்கே ஒரு காரணமாக வைக்கப்பட்டது. முழுக்க முழுக்கச் சாதிக் கொடுமை. அதிலிருந்து பிறந்த சட்டம் பாலியல் தொல்லைக்குத் தரும் வரையறையில் சாதி இல்லை. ஆலைக்குள் அமைக்கும் உள்ளகக் குழுவில் தலித் பெண் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் மட்டும், நியமன உறுப்பினர்களில் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு அல்லது சிறுபான்மைப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்த ஏற்பாடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் தலித், பழங்குடிப் பெண்களை அவர்கள் ஒப்புதலின்றிப் பாலியல் நோக்கத்தோடு தொடுவதையும் பேசுவதையும் தனிக் குற்றமாக்கியது. ஆனால் அந்தப் புகாரோடு காவல் நிலையம் போகிறவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

குறைகள் இருந்தாலும் அந்த உள்ளூர்க் குழு நமக்கு வேண்டும். பத்துப் பேருக்குக் கீழே வேலை செய்யும் இடங்களுக்கு, அதாவது அம்மையார்குப்பத்துக் கொட்டகைகள் மாதிரியான இடங்களுக்கு, வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, முதலாளியே குற்றவாளியான இடங்களுக்கு அதுதான் ஒரே வாசல். ஒவ்வொரு ஒன்றியத்திலும் தாலுகாவிலும் புகார் வாங்க ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும், அவர் 7 நாளுக்குள் புகாரைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டம் வந்து பதினோரு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், மாவட்ட அலுவலர்களையும் உள்ளூர்க் குழுக்களையும் அமைக்க மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைக்க வேண்டியிருந்தது. ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தின் பொறுப்பு அலுவலர் யார் என்று எங்கள் காலனியில் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டேன். அப்படி ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

இதையெல்லாம் அரசியல் கோரிக்கையாக யார் வைப்பது? இங்கே நம் இயக்கங்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. இட ஒதுக்கீடு, நிலம், ஆணவக் கொலைச் சட்டம் எல்லாம் 'அரசியல்' என்று மாநாட்டுத் தீர்மானத்தில் வருகின்றன. கழிவறை, மாதவிடாய், பேறுகால விடுப்பு, கர்ப்பப்பை நோய் எல்லாம் மார்ச் 8 அன்று மகளிரணி பேசிக்கொள்ளட்டும் என்று விடப்படுகின்றன. இந்தப் பிரிவினை அம்பேத்கரிடம் கிடையாது. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாயின் நலன் நாட்டின் நலன், எனவே அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்று வாதிட்டார். மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த போராட்டம் நடந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் உரிமையும் பேறுகால உரிமையும் ஒரே மனிதரின் ஒரே அரசியல். தண்ணீர் குடிக்கவே பயப்பட்ட என் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உள்ளாட்சி பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் ஊராட்சித் தலைவரான அமிர்தம் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு மாவட்ட ஆட்சியரே வந்து ஆகஸ்ட் 20 அன்று அவரைக் கொடியேற்ற வைத்தார். கொடிக்கே அவ்வளவு எதிர்ப்பு என்றால், தறித் தெருவில் எல்லாச் சாதிப் பெண்களுக்கும் ஒரே கழிவறை என்று ஒரு தலித் பெண் தலைவர் தீர்மானம் போட்டால் என்ன நடக்கும்? இருந்தாலும் அந்தத் தீர்மானம் போடக்கூடிய இடம் ஊராட்சிதான். நம் மாவட்டத்தின் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. பாதி இடம் பெண்களுக்கு என்று நாம் பெருமைப்பட்ட மன்றங்கள் அவை. இந்தத் திருத்தணிப் பகுதியை ஆந்திராவிலிருந்து மீட்டு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்த்ததை ஊரில் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். மீட்ட மண்ணில் ஒரு கழிவறைக் கதவைத் திறக்க அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் முடியவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உள்ளூர்க் குழு, ஒப்பந்தம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "இதுல நான் கையெழுத்துப் போட்டா, வேலைக்கு வராதன்னு சொல்லிட மாட்டாங்களா?" அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. அந்தக் கேள்வி அவர் இடத்தில் இப்போது தார் சுற்றும் சித்திக்காக. திண்டுக்கல் பெண்களுக்கு இதற்கு எழுத்தில் பதில் இருக்கிறது. சித்திக்கு இல்லை. அதனால் அவர் பெயரில் புகார் எழுதவில்லை, என் பெயரில் தகவல் உரிமை மனு எழுதியிருக்கிறேன்.

மனுவில் மூன்று கேள்விகள். திருவள்ளூர் மாவட்ட உள்ளூர்க் குழு உறுப்பினர்கள் யார், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி ஒன்றியங்களின் பொறுப்பு அலுவலர்கள் யார், எந்த எண்ணில் பிடிக்கலாம்? கடந்த மூன்று ஆண்டுகளில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலிருந்து எத்தனை புகார்கள் வந்தன? கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டு இதே கேள்விகளை நீங்களும் இந்த வாரமே அனுப்புங்கள். எனக்குப் பதில் வந்ததும் இதே பத்தியில் எழுதுகிறேன், வராவிட்டால் மேல்முறையீட்டின் நகலோடு எழுதுகிறேன்.